ஊருக்கொரு சுவை, வாய்க்கொரு சொல்

நாம் குடியிருக்கும் அல்சூரின் பெயருக்குள்ளேயே ஒரு பலாப்பழம் இருக்கிறது. பலாவுக்குக் கன்னடத்தில் ஹலசு என்று பெயர். ஏரிக்கரையை ஒட்டி முன்னாளில் பலாத்தோப்பு இருந்தமையால் ஹலசூரு ஆயிற்று என்பர் இவ்வூர்ப் பெரியோர். அதனை ஆங்கிலேயர் நாக்கு அல்சூர் ஆக்கிவிட்டது. தமிழில் பகரத்தை முதலாகக் கொண்ட சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரம் பெற்று நிற்பதை இங்கு வந்து ஓராண்டு வாழ்ந்தோர் எவரும் அறிவர். பால் ஹாலு, பல் ஹல்லு, புளி ஹுளி. பழங்கன்னடத்திலும் அவ்விடங்களில் பகரமே இருந்ததென்றும், பின்னரே அது ஹகரமாகத் திரிந்ததென்றும் மொழிநூலார் கூறுவர். ஆகவே ஹலசும் பலாவும் ஒரே மரத்துக் காய்கள்தாம். இந்த உறவு கன்னடத்தோடு நமக்குள்ள உறவு. தமிழருக்குள்ளேயே ஒரு மாவட்டத்தாருக்கும் மறு மாவட்டத்தாருக்கும் உள்ள உறவு இவ்வளவு எளிதன்று என்பதை இவ்வூரின் அடுப்பங்கரைகளே நமக்குக் கற்பித்தன.

தமிழ்நாட்டில் இருக்கும்வரை ஒருவர் தம் மாவட்டத் தமிழையே தமிழென்று எண்ணியிருப்பார். நெல்லையில் பிறந்தவருக்கு நெல்லையே உலகம், ஈரோட்டாருக்கு ஈரோடு. எல்லாரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கும் நாள் வருவது வெளியூரில்தான். அந்த வகையில் பெங்களூர் நல்ல ஆசான். 1809இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு நிறுவியபோது படையோடு வந்த தமிழர் முதல், நேற்றுக் கணிப்பொறி வேலைக்கு வந்து இறங்கிய இளைஞர் வரை, அடுக்கடுக்காய் வந்து குடியேறிய மக்கள் நாம். வட ஆர்க்காட்டார் முதலில் வந்தனர்; சேலத்தாரும் தருமபுரியாரும் வந்தனர்; பிறகு தஞ்சை, மதுரை, நெல்லை, குமரி எனத் தெற்கே தெற்கே இருந்து வந்தனர். ஒவ்வோர் அடுக்கும் தன் புளியையும் தன் சொல்லையும் கொண்டுவந்தது.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். திசைச்சொல்லுக்குப் பழைய உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள் சுவையானவை. தாயைத் தள்ளை என்பதும், நாயை ஞமலி என்பதும் அவற்றுள் சேரும். தள்ளை இன்றும் மலையாள நாட்டில் தள்ள என்று உயிரோடு இருக்கிறது. பி.ஏ. வகுப்பில் இப்பகுதியைத் தேர்வுக்காக உருப்போட்ட நாளில், இது ஏதோ செத்துப்போன செய்தி என்றே தோன்றியது. 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராய்ச் சேர்ந்து, உச்சிவேளையில் ஐந்து தமிழரோடு ஒரு மேசையில் அமர்ந்தபோதுதான் தொல்காப்பியர் நம் மேசைக்கே வந்து அமர்ந்தார்.

அந்த மேசையில் நடந்த பூசணிக்காய் வழக்கை இங்குச் சொல்லியே ஆகவேண்டும். மூத்த கணக்கர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் விருந்து சமைப்பதென்று முடிவாயிற்று. காய்கறிப் பட்டியலை எழுதியவர் தஞ்சாவூர்க்காரர். மோர்க்குழம்புக்காக அவர் 'பூசணிக்காய் 3 கிலோ' என்று எழுதினார். வாங்கச் சென்றவர் நம் நெல்லைச் சீமையார். அவர் அல்சூர்க் கடைவீதியில் பேரம் பேசி, மஞ்சளாய்ப் பழுத்த காய் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். தஞ்சாவூர்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது பரங்கிக்காய் அல்லவா? நான் கேட்டது பூசணி!" என்றார். "இதுதானே ஐயா பூசணி? நீர் கேட்பது தடியங்காய். அதைத் தடியங்காய் என்று எழுதியிருக்க வேண்டும்" என்றார் நெல்லையார். கோபிச்செட்டிபாளையத்து நண்பர் இடையே புகுந்து, "இரண்டு பேரும் சண்டை போடாதீங்க, இது அரசாணிக்காயுங்க" என்று தீர்ப்பு வழங்கினார். சென்னைக்காரருக்கு அது மஞ்சள் பூசணி, மற்றது வெள்ளைப் பூசணி. அதற்குமேல் அவருக்கு இதில் அக்கறை இல்லை. விற்றவரோ கன்னடத்தார். அவருக்கு இரண்டுமே கும்பளகாயிதான். இனிப்பானது சிஹி கும்பள, சாம்பல் பூத்தது பூது கும்பள. ஐவரும் சொன்னது சரி. ஆயினும் அன்று மோர்க்குழம்பு இல்லை. பரங்கிக்காயைத் தேங்காய் அரைத்துவிட்டு நெல்லையாரே கூட்டாக்கினார். ஓய்வு பெற்றவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்.

இதன்பின் அம்மேசையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. புதிதாக ஒரு பண்டம் வந்தால் அதற்கு அவரவர் ஊர்ப் பெயரைச் சொல்லிய பின்னரே கை வைப்போம். கிழங்கு ஒன்று வந்தது. குமரிக்காரர் மரச்சீனி என்றார், தஞ்சைக்கு மரவள்ளி, கோபிக்காரருக்குக் குச்சிக்கிழங்கு, கன்னட நண்பருக்கு மரகெணசு. நிலக்கடலைக்கோ பெயர்கள் கொட்டிக் கிடந்தன. தெற்கே நிலக்கடலை. சென்னையிலும் வட ஆர்க்காட்டிலும் வேர்க்கடலை. கொங்கில் கடலைக்காய். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பதே இப்படி மருவியது. யாழ்ப்பாணத்தார் அதனைக் கச்சான் என்பர். கொங்குக் கடலைக்காய்தான் இங்கே கடலேகாயி. கார்த்திகையின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலேகாயி பரிஷெக்குச் சென்றால், கொங்கு நாட்டார் மட்டும் தம் ஊர்ச் சந்தைக்கு வந்ததுபோல் நடப்பார். ஏனையோர் மொழிபெயர்த்துக்கொண்டே நடப்பர்.

கேழ்வரகின் கதையும் அஃதே. வடக்கே கேழ்வரகு, பேச்சில் கேவுரு. மதுரைக்குத் தெற்கே கேப்பை. கொங்கிலும் சேலத்திலும் ராகி, இங்கும் ராகி, ஈழத்தில் குரக்கன். களி என்றால் தருமபுரியாருக்கு வாயூறும்; முத்தெ என்றால் மைசூராருக்கு வாயூறும். உருண்டை ஒன்றே. அதனை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதிலும் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. நம் நெல்லை நாக்குக்கு இருபது ஆண்டாகியும் அந்தக் கலை கைவரவில்லை.

இனிப்பிலும் இப்படித்தான். போளி என்றால் தஞ்சையார்க்கும் சென்னையார்க்கும் தெரியும். கொங்கு நாட்டார் அதனை ஒப்புட்டு என்பர். 'இதென்ன விந்தைப் பெயர்' என்று நாம் முதலில் நினைத்ததுண்டு. யுகாதியன்று கன்னட அண்டை வீட்டார் வாழையிலை மூடிய தட்டோடு வந்து "ஒப்பட்டு" என்று நீட்டியபோது புதிர் அவிழ்ந்தது. சத்தியமங்கலத்துக்கு அப்பால் மலையேறினால் கன்னட நாடு. சொல் அந்த மலைவழியே இறங்கி வந்திருக்கிறது, அல்லது ஏறிப் போயிருக்கிறது. எது முந்தியது என்ற வாதத்தை அன்பர்கள் தொடங்க வேண்டா. இட்டலி எங்களுடையது என்று மார்தட்டும் தமிழர்க்கு மட்டும் ஒரு செய்தி சொல்லி வைப்போம். ஏறத்தாழக் கி.பி. 920இல் எழுந்த வட்டாராதனே என்னும் கன்னட உரைநடை நூலில் இட்டலிகே என்ற பெயர் வருகிறது. அப்பெயர் கொண்ட பண்டம் இன்றைய இட்டலி போன்றதா என்பது வேறு ஆராய்ச்சி. ரவா இட்டலியோ சந்தேகத்துக்கு இடமின்றி இவ்வூர்ப் பிள்ளை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது தாங்கள் கண்டறிந்தது அது என்று 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம் உணவகத்தார் கூறுவர். பிடதியின் தட்டு இட்டலி மற்றொன்று. இவற்றையெல்லாம் தின்று பழகிய நம் பிள்ளைகளுக்குக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் மிளகும் சுக்கும் மணக்கும் குடலை இட்டலியைக் கொடுத்தால் மருந்து என்று ஒதுக்குகிறார்கள்.

சாம்பாரில் வெல்லம் இடும் வழக்கத்தைப் பற்றி எழுதினால் இம்மலரின் பக்கங்கள் போதா. இங்கு வந்த முதல் மாதத்தில் அதனைக் குறைகூறாத தமிழரை நாம் கண்டதில்லை. ஐந்தாம் ஆண்டில் வெல்லமில்லாத சாம்பாரை 'என்னவோ போல் இருக்கிறது' என்று சொல்லாதவரையும் கண்டதில்லை.

சொற்களில் மிகவும் இடர்விளைப்பது 'கறி' என்ற இரண்டெழுத்து. தஞ்சை அக்கிரகாரத்தில் கறி என்றால் வாழைக்காயோ கத்தரிக்காயோ வதக்கியது. மதுரையில் கறி என்றால் ஆட்டிறைச்சி. ஈழத்தார்க்கு எல்லாமே கறி. வைணவ இல்லங்களில் அது கறியமுது. அங்கே இரசம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது. தமிழ் முசுலிம்களின் இல்லங்களில் குழம்பு ஆணம் எனப்படும். புளியாணம் என்றால் நம் இரசத்தின் உடன்பிறப்பு. நெல்லைக் கரிசல் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவும் வெஞ்சனம். நாஞ்சில் நாட்டில் அது தொடுகறி. இத்தனை பெயர்களும் ஒரு மொழிக்குள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை அயலார்க்கு விளக்குவது கடினம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்தது என்று கருதவும் வேண்டா. உறவினர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் படித்துவிட்டு, வேலைக்காக அட்லாண்டாவுக்குச் சென்றான். மின்னசோட்டாவில் குளிர்பானத்தைப் பாப் என்று கேட்டு வாங்கியவன், தெற்கே வந்ததும் விழித்தான். அங்கே எந்த நிறத்துக் குளிர்பானமும் கோக்தான்; கோக் வேண்டும் என்றால் எந்தக் கோக் என்று திருப்பிக் கேட்கிறார்களாம். 1886இல் அப்பானம் பிறந்த ஊரே அட்லாண்டா அல்லவா! நியூயார்க்கில் அது சோடா. நீண்ட ரொட்டியைப் பிளந்து இறைச்சியும் காயும் அடைத்த பண்டம் நியூயார்க்கில் ஹீரோ, பிலடெல்பியாவில் ஹோகி, நியூ இங்கிலாந்தில் கிரைண்டர், பிற இடங்களில் சப். அடுப்பில் வாட்டிய கூட்டுணவு ஏனையோர்க்குக் காசரோல் என்றால் மின்னசோட்டாவார்க்கு ஹாட் டிஷ். தெற்கத்தியார் காலையில் நம் உப்புமாவைப் போல் சோளக்குருணையில் கிரிட்ஸ் கிண்டி உண்பர். வடக்கத்தியார் அதனைக் கண்டு முகம் சுளிப்பர். பலரை நோக்கி 'நீங்கள்' என்று சொல்லவும் அங்கே வட்டாரத்துக்கொரு வழி. தெற்கே யால், பிட்சுபர்க்கில் யின்ஸ், பிறர்க்கு யூ கைஸ். பெண்களைப் பார்த்தும் 'கைஸ்' என்பது எப்படி என்று நம் தாயார் கேட்டார். விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை.

அந்நாட்டார் ஒரு நல்ல காரியம் செய்தனர். பிரெடெரிக் காசிடி என்ற அறிஞர் தலைமையில் 1965 முதல் 1970 வரை ஆயிரத்து இரண்டு ஊர்களுக்கு ஆட்களை வண்டியேற்றி அனுப்பி, அடுப்பங்கரைச் சொல் முதல் வசைச் சொல் வரை கேட்டு எழுதினர். அமெரிக்க வட்டார ஆங்கில அகராதியின் முதல் தொகுதி 1985இல் வந்தது. இறுதி எழுத்துவரை முடியும்போது 2012. காசிடி 2000இலேயே காலமாகிவிட்டார். நம் பக்கத்தில் அரசோ பல்கலைக்கழகமோ வண்டி அனுப்பும் என்று காத்திராமல் கி. ராஜநாராயணன் என்ற தனிமனிதர் கரிசல் சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். பெருமாள்முருகன் 2000இல் கொங்குச் சொற்களுக்கு ஒன்று தந்தார். இரண்டும் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று அங்கே வந்து சேர்ந்த கதை இனி வருவது.

நம் துணைவியார் அல்சூரிலேயே பிறந்தவர். அவர் முன்னோர் ஆரணிப் பக்கத்திலிருந்து தண்டு நாளில் வந்தோர். நம் தாயாரோ அம்பாசமுத்திரத்தார்; தந்தையார் மறைந்தபின் 2015இல் நம்மோடு வந்து சேர்ந்தார். ஆக, ஒரு வீட்டுக்குள் இரு தமிழ்கள். துணைவியாருக்கு இரசம் என்பது சாறு. கீரை என்பது சொப்பு. பொரியல் பல்யா. மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் வந்து குவியும்போது, கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பார். அதே குழம்பைப் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் ஹிதுகித அவரேபேளே சாரு என்பார். பிதுக்கும் ஹிதுகும் முன்பு சொன்ன அந்தப் பகர ஹகர உறவே. தாயார்க்கு இவை யாவும் அயல்மொழி. அவர் பங்குக்கு உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், பண்டிகையென்றால் தேங்காய்ப்பாலில் சொதி, கூடவே இஞ்சித் துவையல். காரம் என்று அவர் சொல்வதில்லை, உறைப்பு என்பார். மெதுவாக என்பதற்குப் பைய. பாத்திரம் ஏனம். கொட்டாங்குச்சி சிரட்டை. மாமியாரும் மருமகளும் இவற்றைப் பற்றிச் சச்சரவிட்டதே இல்லை என்று எழுதினால் அன்பர்கள் நம்பமாட்டீர்கள்.

நம் மகள் 2009இல் பிறந்தவள். தந்தைவழிப் பாட்டியை ஆச்சி என்றும், தாய்வழிப் பாட்டியை ஆயா என்றும் அழைத்து வளர்ந்தாள். ஆரணிப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. பள்ளியிலோ ஆயா என்றால் சிறு பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிடும் பணிப்பெண். 'என் ஆயா காதில் வைரத்தோடு போட்டிருக்கிறார்' என்று வகுப்பில் சொன்னதற்குப் பிள்ளைகள் சிரித்தனர். அதனை அவள் பொருட்படுத்தவில்லை. தெருவில் கன்னடம், வீட்டில் இரு தமிழ், பள்ளியில் ஆங்கிலம்; தோழியைக்கூட இவ்வூர் இளைஞர் வழக்கப்படி 'மச்சா' என்றழைத்து ஆச்சியைத் திடுக்கிட வைத்தவள் அவள். எந்தச் சொல்லையும் கூசாமல் எடுத்து எங்கும் போடும் பிள்ளையாயிருந்தாள்.

2023ஆம் ஆண்டு வைகாசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு திருமணம். பந்தியில் அவள் பரிமாறுவோரிடம், "அண்ணா, சாறு ஊத்துங்க, சொப்பு வேணாம்" என்றாள். அவ்வளவுதான். உடன் அமர்ந்த அவள் வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். மாலைக்குள் அவளுக்குப் பெயரே 'சொப்பு' என்றாகிவிட்டது. இரவில் ஒரு பெரியவரும், "பெங்களூர்த் தமிழ் கேட்கச் சகிக்கலை, பிள்ளைக்கு நல்ல தமிழ் சொல்லிக் கொடுக்கக் கூடாதா?" என்று எல்லார் முன்னிலையிலும் நம்மைக் கேட்டார். அவர் தீய எண்ணத்தோடு கேட்டவர் அல்லர். பிள்ளை அருகில் நின்றாள் என்பதையும் அவர் கவனிக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் அவள் தமிழ் பேசவில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை வரும். தாயிடமும் நம்மிடமும் ஆங்கிலம் செல்லும். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே ஆச்சியிடம் பேச்சே இல்லை, தலையசைப்பு மட்டும். வைகாசி போய் ஆனி போய் ஆடியும் போயிற்று. வெளியூர்களில் வளரும் பிள்ளைகள் தமிழை மறப்பது அக்கறையின்மையால் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். அவ்வாறும் இருக்கலாம். நாம் கண்ட காரணம் வேறு. சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் ஒரு பிள்ளையின் நாக்கை எவ்வளவு இறுகக் கட்டுமென்பதை அந்த நான்கு மாதங்களில் நம் வீட்டுக்குள்ளேயே கண்டோம். ஆங்கிலத்தில் பிழை செய்தால் எவரும் சிரிப்பதில்லை, திருத்துவதோடு விடுகிறார்கள். தமிழில் பிழையே இல்லாத சொல்லுக்கும் சிரிக்கிறார்கள் என்று அவள் தன் தாயிடம் சொன்னாளாம். அதற்கு மறுமொழி கூற இயலவில்லை. இவ்வளவுக்கும் சாறு என்பது நல்ல தமிழ்ச் சொல், இரசம்தான் வடசொல்!

ஆவணியில் தாயாருக்குக் கண்புரை அறுவை. அடுப்பருகே செல்லலாகாது என்று மருத்துவர் விலக்கினார். துணைவியாரும் நாமும் பணிக்குச் சென்ற ஒரு நாள் பள்ளி விடுமுறை. ஆச்சிக்குச் சர்க்கரைப் பொங்கல் உண்ண ஆசை. கட்டிலில் அமர்ந்தபடி சொல்ல, பேத்தி சமையலறையில் செய்ய வேண்டியதாயிற்று. "உழக்கு அரிசி போடு. பைய கிண்டு. ஏனத்தை இறக்காதே, சர்க்கரையைப் போட்டுக் கிண்டிட்டு இறக்கு" என்று கட்டளைகள் சென்றன. அவளும் சர்க்கரையைப் போட்டாள். தென்மாவட்டங்களில் சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்து நாட்டுச் சர்க்கரை. வெள்ளையாய் இருப்பது சீனி. பெங்களூரில் சர்க்கரை என்றாலும் சக்கரே என்றாலும் வெள்ளையே. மாலையில் நாம் வீடு திரும்பியபோது, மேசைமேல் பால்சோறு போன்ற வெள்ளை வெளேரென்ற சர்க்கரைப் பொங்கல் இருந்தது. பாட்டியும் பேத்தியும் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தனர். கண்ணில் நீர் வரக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை நினைவூட்ட வேண்டியதாயிற்று. "சீனியைப் போட்டுட்டா, சீனியை!" என்று ஆச்சி சொல்ல, "நீங்க சர்க்கரைன்னுதானே சொன்னீங்க!" என்று அவள் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவள் நம்மிடம் ஒரு பழைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, மூன்று பத்தியாகக் கோடிட்டாள். முதற் பத்தி ஆச்சி சொல். இரண்டாவது அம்மா சொல். மூன்றாவது கடைச் சொல், அதாவது கன்னடம். முதல் வரியில் சீனி, சர்க்கரை, சக்கரே. கோபிச்செட்டிபாளையத்து நண்பர் இதைக் கேள்வியுற்றுத் தம் ஊரில் அதனை அஸ்கா என்பர் எனச் சொல்லியனுப்பினார். ஒடிசாவில் அஸ்கா என்ற ஊரின் ஆலைச் சர்க்கரையால் வந்த பெயர் அது என்பர். இப்போது அக்குறிப்பேட்டில் 400 சொற்களுக்கு மேல் உள்ளன. சில வரிகளில் பூசல் உண்டு. ஆரணி ஆயா வந்து தங்கும்போதெல்லாம் இரண்டாம் பத்தியைத் திருத்துகிறார். துணைவியார் சொல்லும் சில சொற்கள் ஆரணிச் சொற்களே அல்ல, அல்சூர்ச் சொற்கள் என்பது அவர் முறையீடு. ஆரணியிலிருந்து வந்து நான்கு தலைமுறை ஆன பின்னர், அல்சூரும் ஒரு மாவட்டம் ஆகிவிட்டது போலும்.

இங்கே நம் கருத்தொன்றைச் சொல்லிவிடுகிறோம். வட்டாரச் சொல்லைக் கொச்சையென்று ஒதுக்கி, நூல்நடையை மட்டுமே பிள்ளைகளுக்குப் புகட்ட வேண்டும் என்பாரோடு நாம் உடன்படவில்லை. நூல்நடையில் பசித்த பிள்ளை சோறு கேட்பதில்லை. வட்டாரச் சொல்லே தேன், நூல்நடை வேண்டாத சுமை என்பாரோடும் உடன்படவில்லை. அது இல்லையேல் அம்பாசமுத்திரத்தாரும் ஆரணியாரும் ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதவும் இயலாது, இக்கட்டுரையை ஒரே மலரில் படிக்கவும் இயலாது. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடுண்டு கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டதையும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதையும் அன்பர்கள் அறிவீர்கள். இரு மொழியார் அவ்வளவு தூரம் இறங்கி வர முடிந்தது. ஒரு பந்தியில் அமர்ந்த உறவுப்பிள்ளைகள், ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் இருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்ப்பது அதனினும் அரிதாய் இருக்கிறது.

மறு ஆண்டு அம்பாசமுத்திரத்தில் கோயில் கொடைக்கு அழைப்பு வந்தது. மகள் வருவாளோ மாட்டாளோ என்று ஐயுற்றோம். வந்தாள், குறிப்பேட்டையும் கொண்டுவந்தாள். "சொப்பு வந்தாச்சு" என்று ஒரு பையன் தொடங்கியதும், அவள் அவனை அமர்த்தி, மஞ்சள் பூசணிக்கு உனக்கு எத்தனை பெயர் தெரியும் என்று கேட்டாள். அவனுக்கு ஒன்று தெரிந்தது. அவள் பரங்கி, அரசாணி, சிஹி கும்பள என்று அடுக்கினாள். சிறிது நேரத்தில் நான்கைந்து பிள்ளைகள் குறிப்பேட்டைச் சுற்றிக்கொண்டனர். பந்தியில் அவள் "சாறு" என்றே கேட்டாள். பரிமாறியவர் ஒரு கணம் நின்று, பிறகு இரசத்தை ஊற்றினார். சிரித்தவர்களும் இருந்தனர். சென்ற ஆண்டு கேள்வி கேட்ட பெரியவர் இம்முறை ஒன்றும் கூறவில்லை. ஆனால் குறிப்பேட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதற் பத்தியில் பதினொரு சொற்களைச் சேர்த்துக் கொடுத்தார். கையெழுத்து நன்றாயில்லை என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள்.

மேற்படிப்புக்கு அவள் கோயம்புத்தூர் செல்வதாக இப்போது பேச்சு நடக்கிறது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்பது துணைவியாரின் கவலை. சந்தகை என்றால் என்னவென்று தெரியாமல் போய் நிற்கப் போகிறாளே என்பது ஆச்சியின் கவலை. அது நம் இடியாப்பத்தின் கொங்கு உறவு என்று நாம் சொல்லியும் அவர் மனம் அமையவில்லை. மகள் குறிப்பேட்டில் நான்காவதாக ஒரு பத்திக்குக் கோடிட்டு, தலைப்பில் கோவை என்று எழுதி வைத்திருக்கிறாள். அதில் இதுவரை அஸ்கா, அரசாணி, ஒப்புட்டு, குச்சிக்கிழங்கு என நான்கே சொற்கள். நான்கும் நம் அலுவலக மேசையிலிருந்து போனவை.